வடக்கே பேசியது தெற்கே கேட்டது

மூன்று மணிக்கு அரசாங்க அலைவரிசை ஆபீஸ் வண்டி வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நெட் கம்பெனி முதலாளி ஜாம்ஃபி சிரித்தார். தாய்மாமன் செத்து இரண்டு மாதம், சனிக்கிழமை சடங்கு, உடம்பில் கறுப்புச் சட்டை, கையில் சிவப்புத் துணிப்பட்டை, மேசை முழுக்க மாமாவின் முகம் அச்சடித்த அழைப்பிதழ்கள். இத்தனை துக்கத்துக்கு நடுவில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிப்பது, துப்பறியும் பிராகோவின் உதவியாளன் ஃபீஃபிக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் அவனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"செலோம் கடையில ஒரு துண்டு ஒயர் மிஞ்சாது. மொத்தமா அள்ளிட்டுப் போயிடுவாங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் மேடம். நெட்டுக்குக் குறுக்கீடு பண்றது அவன்தான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அலைவரிசை ஆபீஸ்ல நிபுணர் கையெழுத்து கேக்குறாங்க."

பிராகோ பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். குமாசி நகரத்தில் தொலைந்த மாடு முதல் தொலைந்த மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்தவள். அதற்கு முன்னால் பதினோரு வருடம் டவர் டவராக ஏறி இறங்கிய இன்ஜினியர். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பாள்.

"அவன்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற யாரு? ஆறு வருஷம் என்கிட்ட வேலை பாத்தவன். கோச்சுக்கிட்டுப் போய் என் டவருக்கு நேர் வடக்கே ரிப்பேர் கடை போட்டான். மாடி முழுக்க ஆண்டெனா. மூணு வாரமா தெற்குப் பக்கம் பதினாலு வீட்ல நெட் படுத்துடுச்சு. எங்க பசங்க அந்த வீட்டு மாடியில மீட்டர் வச்சுப் பாத்தா, தொல்லை வடக்கேருந்து வருது. கோடு போட்ட மாதிரி அவன் மாடி வழியா வருது. இதுக்கு மேல என்ன வேணும்? வெளியூர்க்காரன் புத்தி."

"கோச்சுக்கிட்டுப் போனவங்க எல்லாம் குற்றவாளின்னா என் மாமியார் வீட்ல பாதிப் பேர் ஜெயில்ல இருக்கணும் சார்" என்றான் ஃபீஃபி.

"இந்தத் தம்பி கேப் கோஸ்ட் பக்கமா?"

"ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வாய்."

ஃபீஃபி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். பிராகோ அதற்குள் எழுந்துவிட்டாள். மணி பதினொன்று.

*

பதினாலு வீட்டில் நடு வீடு அச்சியா டீச்சருடையது. அவள் கதவைத் திறந்ததும் நெட்காரர்கள் என்று நினைத்து ஐந்து நிமிடம் திட்டினாள். இவர்கள் நெட்காரர்கள் இல்லை என்று தெரிந்ததும், திட்டியது வீணாகப் போனதே என்று இன்னும் ஒரு நிமிடம் திட்டினாள்.

"பரீட்சை மார்க் எல்லாம் நெட்ல ஏத்தணும். ஒரு பிள்ளை பேர் ஏறுறதுக்குள்ள எனக்கு வயசாகுது. பக்கத்துத் தெருவுல சினிமா பாக்குறான்! அந்தப் பக்கத்துத் தெருவுலயும் பாக்குறான்! எங்க வரிசைக்கு மட்டும் யார் சூனியம் வச்சது?"

"அந்தத் தெருக்கள்ல ஒரு தொல்லையும் இல்லையா?" பிராகோ வேர்க்கடலையை நிறுத்தினாள்.

"ஒண்ணும் இல்ல. இந்த ஒத்தை வரிசைதான்."

மாடிக்குப் போனார்கள். டீச்சர் வீட்டுத் தட்டு ஆண்டெனா வடக்கே ஜாம்ஃபியின் டவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. டவருக்குப் பின்னால் செலோமின் மாடி முள்ளம்பன்றி போலத் தெரிந்தது.

"டேய் ஃபீஃபி, நீ உன் மாமியாரத் திட்டணும்னு மாடியில நின்னு கத்துறன்னு வச்சுக்க."

"வச்சுக்க வேண்டாம்கா. போன வாரம்தான் கத்தினேன்."

"யாருக்குக் கேட்டுச்சு?"

"யாருக்குக் கேக்கல? தெரு முழுக்க."

"அதான். செலோம் மாடியிலேருந்து கத்தினா மூணு தெருவுக்கும் கேக்கணும். இது பதினாலு வீட்டு மேல மட்டும் கயிறு கட்டின மாதிரி வந்து விழுது. கோவத்துல இருக்குறவன் இவ்வளவு ஒல்லியாக் கத்த மாட்டான்."

ஜாம்ஃபியின் வேலைப் பையன்கள் கொடுத்தனுப்பிய மீட்டரை அவள் தட்டினாள். காற்றில் வரும் ஒவ்வொரு சிக்னலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும், மீட்டர் அதை வரிசையாகக் காட்டும். திரையில் அக்கம்பக்கத்து வீடுகளின் சின்னச் சின்னப் பெயர்கள் மட்டும் இருந்தன, பலமான பெயர் ஒன்றுகூட இல்லை. ஃபீஃபி எட்டிப் பார்த்தான். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"அக்கா, இங்க என்னமோ போட்டிருக்கே. 'சொந்த ஆண்டெனாக்கள் மறைக்கப்பட்டுள்ளன.'"

பிராகோ அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "மூணு வாரமா திருடன் தேடுறாங்க. தேடுறதுக்கு முன்னாடி நம்ம வீட்டாளுங்கள மட்டும் பாக்காதேன்னு மீட்டர்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க!"

மறைப்பை எடுத்ததும் திரையில் இரண்டு பெயர்கள் குதித்து வந்தன. ஒன்று ஜாம்ஃபியின் தெற்கு ஆண்டெனா, அது வரவேண்டியதுதான். அதற்குச் சற்றும் குறையாத பலத்தோடு வந்த இன்னொன்று ஜாம்ஃபியின் வடக்கு ஆண்டெனா.

"வடக்கப் பாத்து நிக்கிறவன் இங்க எப்படிக்கா பேசுறான்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். டீச்சர், இந்த மூணு வாரத்துல ஒரு தடவையாவது நெட் நல்லா ஓடிச்சா?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. "செவ்வாய்க்கிழமை. காலையில பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் தண்ணி மாதிரி ஓடிச்சு. பாதி வகுப்பு மார்க்கு ஏத்திட்டேன். ரெண்டடிச்சதும் செத்துப்போச்சு."

*

செலோம் கடையைக் காலி செய்துகொண்டிருப்பான் என்று ஃபீஃபி எதிர்பார்த்தான். அவனோ ஒரு பழைய வானொலிப் பெட்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்கு வராங்கன்னு தெரியுமா?" என்றாள் பிராகோ.

"தெரியும். ரெண்டே முக்கால் வரைக்கும் இது என் கடைதானே?"

"எடுத்துட்டுப் போனா?"

செலோம் ஈயக்கோலைக் கீழே வைத்தான். "கருவி போனா திரும்ப வாங்கலாம் மேடம். ஆனா அலைவரிசை ஆபீஸ் பட்டியல்ல குறுக்கீடு பண்ணவன்னு பேர் ஏறிட்டா ஒருத்தன் என்கிட்ட ஒரு செல்போனக்கூட ரிப்பேருக்குக் கொடுக்க மாட்டான். வோல்ட்டா பக்கத்துலேருந்து வந்து இந்த ஊர்ல பேர் எடுக்க எனக்குப் பன்னண்டு வருஷம் ஆச்சு."

ஃபீஃபிக்கு ஒரு நகைச்சுவை வாய் வரைக்கும் வந்தது. அதை முழுங்கிவிட்டான். வாழ்நாளில் அவன் முழுங்கிய இரண்டாவது நகைச்சுவை அது. மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரமே இருந்தது.

"செவ்வாய்க்கிழமை பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"இங்கதான் இருந்தேன். சர்ச்சுக்காரங்க பெரிய வயர்லெஸ் மைக் செட் கொண்டுவந்தாங்க. சோதிக்கணும்னு எல்லா ஆண்டெனாவையும் போட்டு விட்டேன். பாஸ்டரே பக்கத்துல உக்காந்திருந்தாரு. வேணும்னா கேளுங்க."

"கவுத்துட்டியே!" என்று கத்தினான் ஃபீஃபி. "நீ எல்லாத்தையும் போட்டு வச்ச நேரத்துலதான் அங்க நெட் தண்ணி மாதிரி ஓடியிருக்கு!"

"அப்ப நான் குற்றவாளி இல்லியே?"

"இல்லதான். ஆனா இருந்திருந்தா நான் இப்ப சாப்பிடப் போயிருப்பேன்."

பிராகோ மேசையோரம் உட்கார்ந்தாள். "ஜாம்ஃபி டவர்ல ஆண்டெனா மாட்டுனது யாரு?"

"நான்தான். நாலு ஆண்டெனா. நாலு பேர் முதுகோட முதுகு ஒட்டி நின்னு நாலு பக்கம் பேசுற மாதிரி. கையில இருந்தது ரெண்டே அலைவரிசை. வடக்குக்கும் தெற்குக்கும் ஒண்ணு, கிழக்குக்கும் மேற்குக்கும் இன்னொண்ணு. எதிரெதிர்ப் பக்கம் பாக்குறதால ஒருத்தன் பேச்சு இன்னொருத்தன் ஆளுங்களுக்குக் கேக்காது. சிக்கனமான ஏற்பாடு."

"வடக்கு ஆண்டெனா திரும்பியிருந்தா?"

செலோமுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "நான் மாட்டுனது மேடம். டவரே திரும்பினாலும் அது திரும்பாது."

"சரி. ஆள் திரும்பல, குரல் திரும்பியிருக்கு. உன் மாடிக்குப் போலாமா?"

மாடியில் ஆண்டெனாக் காட்டுக்குள் மூவரும் நின்றார்கள். தெற்கே ஜாம்ஃபியின் டவர், அதையும் தாண்டி டீச்சரின் வரிசை. எல்லாம் ஒரே கோட்டில். ஃபீஃபி ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலால் கோடு போட்டான்.

"நேரா இந்த மாடியிலதான்கா வந்து நிக்குது. ஜாம்ஃபி சொன்னது சரிதான்."

"கோடு இங்க நிக்கணும்னு யார் சொன்னது? திரும்பிப் பாரு."

ஃபீஃபி திரும்பினான். திரும்பியவன் கண் கூசிக் கையை நெற்றியில் வைத்தான். வடக்கே மேட்டின் உச்சியில், ஜாம்ஃபி குடும்பத்தின் பெரிய வீட்டு வாசலில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு முகம் நடுப்பகல் வெயிலில் பளபளவென்று மின்னியது. ஊரெல்லாம் சாவு போர்டைத் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் கட்டுவார்கள். இந்த மாமாவை வழவழப்பான அலுமினியத் தகட்டில் வரைந்து இரும்புக் கம்பத்தில் நிறுத்தியிருந்தார்கள். டவரையும் டீச்சர் வீட்டையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, செத்துப்போன அன்ட்வி மாமா புன்னகை செய்தார்.

"ஐயோ" என்றான் ஃபீஃபி. "கண்ணாடி!"

"வடக்கு ஆண்டெனா பேசுறதை மாமா வாங்கித் தெற்க திருப்பி விடுறாரு. டீச்சர் வீட்டுத் தட்டும் இந்தப் பக்கம்தானே பாக்குது? அதுக்கு ஒரே அலைவரிசையில ரெண்டு பேர் பேசுறது கேக்குது. தகடு தட்டையா இருக்குறதால ஒல்லியாப் போய் ஒரே வரிசையில விழுது."

செலோம் வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தான். "உயிரோட இருந்தப்பவும் அவர் ஒருத்தர் பேச்ச இன்னொருத்தர்கிட்ட சொல்லிட்டேதான் இருப்பாரு" என்றான்.

"ஆனா செவ்வாய்க்கிழமை?" என்றான் ஃபீஃபி. "நாலு மணி நேரம் மாமா எங்க போனாரு?"

*

அதற்கான பதில் மேட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. துஃபி அம்மாள், செத்துப்போனவரின் தங்கை, ஜாம்ஃபிக்குச் சித்தி. சனிக்கிழமைக்காகப் பந்தல் போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு செலோமும் கூடவே வந்திருந்தான்.

"செவ்வாய்க்கிழமை போர்டக் கழட்டினது நான்தான்!" என்றாள் பெருமையாக. "பாருங்க இங்க. கீழ வரிசையா துக்கம் கொண்டாடுறவங்க பேரு. மருமகன் பேர் இருக்கு, கனடாவுல இருக்குற மருமகன் பொண்டாட்டி பேர் இருக்கு. பக்கத்து வீட்டு வக்கீல் பேர்கூட இருக்கு. கூடப் பொறந்த தங்கச்சி பேர் இல்ல! கழட்டுடா கீழன்னேன். பத்து மணிக்குக் கழட்டி, என் பேர எழுதி, காயவச்சு, ரெண்டு மணிக்குத்தான் ஏத்த விட்டேன். அதுவும் வக்கீலுக்கு மேல."

"போர்டு முதல்ல எப்ப வச்சாங்கம்மா?" என்றாள் பிராகோ.

"இன்னிக்கோட மூணு வாரம் ஆச்சு. துணி போர்டு மழையில நனஞ்சா மாமா மூஞ்சி சுருங்கிடும்னு ஜாம்ஃபிதான் தகட்டுல செய்யச் சொன்னான். எங்க வழக்கப்படி மாமன் சொத்து முழுக்க அவனுக்குத்தானே வந்துச்சு? ஊர்ல எவன் மாமனுக்கும் இப்படி போர்டு இருக்கக் கூடாதுன்னான்."

பிராகோ ஜாம்ஃபிக்குப் போன் செய்தாள். கையெழுத்துக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் பேனாவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் மாமாவா? என் நெட்ட என் மாமா கெடுக்குறாரா?"

"மாமா இல்ல சார். மாமாவுக்கு நீங்க செஞ்ச மரியாதை."

ஜாம்ஃபி வேகமாக ஒரு கணக்குப் போட்டார். "சரி. சனிக்கிழமை முடிஞ்சதும் போர்ட எடுத்துடுறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். ஆபீஸ்காரங்க வந்து செலோம் சாமானத் தூக்கட்டும், அடுத்த வாரம் நானே பேசி மீட்டுக் கொடுக்குறேன். சொந்த மாமனாலதான் நெட் போச்சுன்னு சடங்குக்கு வந்தவன் சிரிச்சா, நான் எங்க போய் மூஞ்சிய வைக்கிறது?"

ஃபீஃபிக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப அவன் மூஞ்சிய எங்க வைப்பான் சார்?"

"சனிக்கிழமைக்கு முன்னாடி எங்க அண்ணன் போர்டக் கழட்டினா நான் கம்பத்துக்குக் கீழ படுத்துக்குவேன்" என்று துஃபி அம்மாள் நடுவில் அறிவித்தாள். அவள் யார் பக்கம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

பிராகோ கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு போர்டை அண்ணாந்து பார்த்தாள். "கழட்ட வேண்டாம்மா. உங்க அண்ணன் இப்ப யாரப் பாக்குறாரு?"

"எங்கயோ பாக்குறான். உயிரோட இருந்தப்பவே அப்படித்தான்."

"தலையக் கொஞ்சம் முன்னால சாய்ச்சா? ஒன்றரைச் சாண் போதும். உங்களத்தான் குனிஞ்சு பாப்பாரு. சிக்னலும் மண்ணுல போய் விழுந்துடும், டீச்சர் வீட்டுக்குப் போகாது."

துஃபி அம்மாள் நாற்காலியைச் சற்று இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "என்னையா? நேரா என்னையா?"

"நேரா உங்களத்தான்."

"யாருடா அங்க, ஏணி கொண்டாங்க!"

அந்த இரும்புக் கம்பத்தில் ஏறிச் சட்டத்தைத் தளர்த்தி ஒரு கோணத்தில் நிறுத்தத் தெரிந்த ஆள் அந்த மேட்டில் ஒருவன்தான் இருந்தான். செலோம். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். ஃபீஃபி ஏணியைப் பிடித்துக்கொண்டான். போர்டின் உச்சியில் கட்டிய கயிற்றைப் பந்தல்காரர்கள் நால்வர் கீழிருந்து இழுக்க, மாமாவின் தலை மெதுவாக முன்னால் சாய்ந்தது. பிராகோ போனில் டீச்சரைப் பிடித்தாள். முதலில் திட்டு கேட்டது. பிறகு நின்றது. பிறகு, "ஏறுது! ஏறுது! யப்பா, இருபது பிள்ளைங்க ஏறிட்டாங்க!" என்ற அலறல் ஏணி வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் அலைவரிசை ஆபீஸ் வண்டி மேடேறி வந்தது. கடை பூட்டிக் கிடந்ததால் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அல்ஹசன் என்ற அதிகாரி தாள் அட்டையோடு இறங்கினார். பிராகோ சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது. ஆனா இந்தப் புகார்ல செலோம் அக்போலின்னு பேர் போட்டிருக்கு. அதை அடிக்கணும்னா காரணம் எழுதணும். குறுக்கீடு யாரோடதுன்னு வேற பேர் போடணும். காலியா விட்டா இந்தப் பேரே பட்டியல்ல நிக்கும்."

ஜாம்ஃபி தொண்டையைச் செருமினார். கயிற்றைப் பிடித்த நால்வரைத் தவிர மற்ற பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கறுப்பும் சிவப்புமாக உறவுக்காரர்கள் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"மாமா பேரப் போட்டுக்கலாமே" என்றார். "போர்டு அவரோடதுதானே? அவர் என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

"ஜாம்ஃபி!" துஃபி அம்மாள் எழுந்தேவிட்டாள். "அவன் சொத்து வேணும், வீடு வேணும். தப்ப மட்டும் அவன் தலையில கட்டுவியா? மாமன்கிட்டேருந்து வாங்கிக்கிட்டவன் மாமன் பேரையும் காப்பாத்தணும்டா."

மேலேயிருந்து செலோமின் குரல் வந்தது. "சார், நான் இன்னும் போல்ட்ட முடுக்கல. கயிறுதான் தாங்குது. அவங்க கை வலிச்சு விட்டா உங்க மாமா பழையபடி நிமிந்துடுவாரு. எழுதினதும் சொல்லுங்க."

"இது மிரட்டல்!"

"இல்ல சார். வேலை பாதியில நிக்குது."

ஜாம்ஃபி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அப்புறம் தனக்கு நேராகக் குனிந்திருந்த மாமாவின் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதும்போது வியர்த்தது.

"சத்தமாப் படிங்க" என்றாள் பிராகோ. "மேல இருக்குறவருக்குக் கேக்கணும்."

"செலோம் அக்போலி மீது..." ஜாம்ஃபி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்துக் கடைசி வரை படித்தார். "செலோம் அக்போலி மீது எந்தத் தவறும் இல்லை. குறுக்கீடு என் டவரிலிருந்து, நான் வைத்த போர்டால் உண்டானது. நான் விசாரிக்காமல் அவர் மேல் பழி போட்டேன். ஜாம்ஃபி."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்பேனர் நான்கு முறை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அல்ஹசன் பழைய பெயரின் மேல் இரண்டு கோடு இழுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி வந்தபடியே காலியாகத் திரும்பிப் போயிற்று.

போல்ட் எல்லாம் முடுக்கியாகிவிட்டது. இனி மேலே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் செலோம் இறங்கவில்லை. மாமாவின் காதோரம் ஒளிந்துகொண்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைப்பதும், மறுபடி துடைப்பதுமாக இருந்தான்.

"என்னடா, இறங்க மாட்டேங்குறான்?" என்றாள் பிராகோ.

"இருக்கட்டும்கா" என்றான் ஃபீஃபி. பசி இப்போதும் வயிற்றைக் கிள்ளிக்கொண்டுதான் இருந்தது. அவன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அவசரமில்ல. நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்."